பெட்டி இல்லாமல் பேஸ் வருமா?

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய மைக் செட் பெட்டிகளைப் பிரித்ததில் அவருக்கு 12 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு கிடைத்திருக்கிறது. புதுப் பெட்டி அடிக்க ஆசாரி கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. "பெட்டியே வேண்டாம், பலகையில் ஓட்டை போட்டு மாட்டினால் போதும், அதற்குப் பேர் ஓப்பன் பேஃபிள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 10,000 ரூபாய்க்குள் முடியுமா, 10க்கு 14 அடி ஹாலுக்குச் சரிப்படுமா என்பது கேள்வி. உற்றுப் பார்த்தால் அவர் கேட்பது இரண்டு விஷயம். பெட்டி இல்லாமல் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயியின் கனத்த சத்தம், வருமா என்பது ஒன்று. கையிலிருக்கும் இந்த ஸ்பீக்கர்களை வைத்தே ஒப்பேற்ற முடியுமா என்பது இன்னொன்று. பேஸ் வரும். ஆனால் அதற்கான விலையைப் பணமாகக் கட்ட முடியாது, ஹாலில் இடமாகத்தான் கட்ட வேண்டும். மைக் செட் ஸ்பீக்கரை அப்படியே மாட்டினால் ஏமாற்றம்தான், ஒரு சின்ன வேலை செய்தால் ஒப்பேற்றலாம். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. கோபியில் 26 வருஷம் ரேடியோ, டிவி, மைக் செட் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் ஆடிச் சத்தம் தரும் கூம்பான கோன் கிழிந்தால் மாற்றுவதும், அதை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் எரிந்தால் புதுசு போடுவதும்தான் பெரும்பாலும் பிழைப்பு. மாசி, பங்குனியில் கோயில் நோம்பி வந்துவிட்டால் ராத்திரி ஒரு மணிக்கும் கதவைத் தட்டுவார்கள். இப்போது கடை இல்லை. பொழுது போகப் பலகை ஸ்பீக்கர் செய்கிறேன், இதுவரை 14 ஜோடி ஆகிவிட்டது. சொந்தக்காரர் வீடுகளில் பாதி, பிரித்துப்போட்டது மீதி.

முதலில் பைசா செலவில்லாத ஒரு வேலை. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி எங்காவது கிடைத்தால் அதில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுங்கள். நடுவில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமாக ஓட்டை போடுங்கள். ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து, உடுக்கையோ தவிலோ வருகிற பாட்டாகப் பார்த்து மெதுவாக வைத்து, வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேளுங்கள். கோன் முன்னும் பின்னும் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி இருக்கும். அப்படியே அட்டையின் ஓட்டையில் கொண்டுபோய் ஒட்டிப் பிடியுங்கள். யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி தவிலின் தொப்பிப் பக்கம் "தொம்" என்று கேட்கும். வாட்டும் கூடவில்லை, வால்யூமும் கூடவில்லை, ஒரு அட்டைதான் நடுவில் வந்தது. இந்த வித்தையைக் காட்டாமல் நான் யாருக்கும் பலகை வெட்டிக் கொடுப்பதில்லை.

காரணம் எளிது. கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் அழுந்திய காற்று ஓரத்தைச் சுற்றிப் பின்னால் ஓடி அதை ஈடுகட்டிவிடும், நம் காதுக்கு வருவதற்குள் கணக்கு நேராகிவிடும். உச்ச ஸ்தாயியில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அலை குட்டையாக இருப்பதால் சுற்றி வருவதற்குள் கோன் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடும். பேஸ் அலை நீளமானது. 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 ஆட்டம் உள்ள அலை ஒன்று கிட்டத்தட்ட 7 மீட்டர், அதற்கு இரண்டடிப் பலகையைச் சுற்றி வருவது ஒரு தூரமே இல்லை. பெட்டி என்ன செய்கிறது என்றால் பின்பக்கச் சத்தத்தைச் சிறை வைக்கிறது. பலகை அதற்குச் சுற்றுவழி காட்டி அனுப்புகிறது. சுற்றுவழி எவ்வளவு நீளமோ அவ்வளவு பேஸ்.

இதை எண்ணாகவே சொல்லிவிடலாம், சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கு. ஸ்பீக்கரின் நடுவிலிருந்து பலகையின் ஓரம் வரைக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை 6ஆல் பெருக்கி, சத்தத்தின் வேகமான 345ஐ அதால் வகுங்கள். 60 சென்டிமீட்டர் அகலப் பலகையில் அந்தத் தூரம் 0.3 மீட்டர். விடை சுமார் 190 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும், அதாவது அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம், சத்தம் 6 டெசிபல் குறையும்: 95 ஹெர்ட்ஸில் 6, 48 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் சுமாராக. பலகையின் அடிப்பாகம் தரையில் இருந்தால் அந்தப் பக்கம் சுற்ற வழியில்லை, அதனால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே வரும். ஆனால் இந்தச் சரிவை யாராலும் மாயமாக்க முடியாது. "எங்க பலகையிலே 20 ஹெர்ட்ஸ் வருதுங்க" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1925இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைக்கு நாம் பார்க்கும் காயில்-கோன் ஸ்பீக்கரைப் பற்றி எழுதியபோதே முன் சத்தத்தையும் பின் சத்தத்தையும் பிரிக்கப் பலகை வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எங்கள் அப்புச்சி வீட்டு ஆசாரத்தில் இருந்த வால்வு ரேடியோவும் ஒருவகை ஓப்பன் பேஃபிள்தான். முன்னால் துணி போட்ட பலகை, பின்னால் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஹார்ட்போர்டு மூடி. வால்வு சூடு போகத்தான் அந்த ஓட்டைகள், ஆனால் சத்தமும் அதே வழியாகப் போகும். இலங்கை வானொலி அந்தத் தொண்டையில் எவ்வளவு கனிவாக இருந்தது என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அதில் பாதி இந்தத் திறந்த முதுகின் வேலை, பாதி நம் வயசின் வேலை. பிற்காலத்தில் இதைக் கணக்கோடு எடுத்துக்கட்டியவர்களில் முக்கியமானவர் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் என்ற இன்ஜினியர், 2018இல் காலமானார். அவருடைய ஓரியன், எல்எக்ஸ்521 இரண்டும் பெட்டி இல்லாத ஸ்பீக்கர்கள்தான், ஆனால் நம் பட்ஜெட்டுக்கு எட்டாதவை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று 1941இல் சொன்ன சீமை இது. சிக்கனமான வழி என்ன என்று நாம் யோசிப்பதில் தப்பில்லை.

இனி உங்கள் 12 இன்ச் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் மேக்னட்டைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்ல ஸ்பீக்கர் என்பார்கள். பெட்டிக்கும் மைக் செட்டுக்கும் அது சரி. பலகைக்கு இது தலைகீழ். ஒவ்வொரு கோனுக்கும் தானாக ஆடப் பிடிக்கும் ஒரு அதிர்வெண் உண்டு, அதை எஃப்எஸ் என்பார்கள். அந்த இடத்தில் கோனை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பேர் கியூடிஎஸ். பெரிய மேக்னட் இறுக்கிப் பிடிக்கும், எண் 0.35 மாதிரி சின்னதாக இருக்கும். மெலிந்த மேக்னட் கொஞ்சம் தளர விடும், 0.8, 1.0 என்று போகும். எஃப்எஸ் அதிர்வெண்ணில் சத்தம் எவ்வளவு குறைகிறது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும். 0.35 என்றால் அங்கே 9 டெசிபல் குறைவு, 0.8 என்றால் 2 டெசிபல்தான் குறைவு. பலகை ஏற்கெனவே 12 டெசிபல் தின்கிறது. அதோடு ஸ்பீக்கரும் 9 தின்றால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால்தான் பெட்டியில் போட்டால் கொழகொழவென்று இருக்கும் மட்டமான ஸ்பீக்கர் சில சமயம் பலகையில் அருமையாகப் பாடுகிறது. பழைய ரேடியோகிராம் ஸ்பீக்கர், காரின் பின் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் தட்டில் மாட்டுகிற 6க்கு 9 ஓவல், ஃப்ரீ ஏர் என்று போட்டு வரும் சப்வூஃபர், இவையெல்லாம் பலகைக்குப் பொருந்தும் ஜாதி. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் நான் முதலில் கை வைப்பது இவற்றில்தான்.

உங்களுடையது எந்த ஜாதி என்று அளந்தே பார்த்துவிடலாம். மில்லிவோல்ட் ஏசி காட்டும் மல்டிமீட்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று, ஒரு ஆம்ப்ளிஃபையர், இவ்வளவுதான் தேவை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுத்து, ஸ்பீக்கரின் இரு முனையில் மீட்டரை வையுங்கள். ஸ்பீக்கரைக் காற்றில் தொங்கவிடுங்கள், மேஜை மேல் வைக்காதீர்கள். முதலில் ஸ்பீக்கருக்குப் பதில் 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு 50 மில்லிவோல்ட் வரும்படி வால்யூமை வைத்துக்கொண்டால், 5 மில்லிவோல்ட்டுக்கு 1 ஓம் என்று ஆகிவிடும். அப்புறம் வால்யூமைத் தொடாமல் 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மீட்டர் உச்சிக்குப் போய் இறங்கும். அந்த இடம்தான் எஃப்எஸ்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இதைப் பார்த்து உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டரின் ஓம் ரேஞ்சில் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் 6.4 ஓம் காட்டுகிறது. உச்சியில் 160 மில்லிவோல்ட், அதாவது 32 ஓம். 32ஐ 6.4ஆல் வகுத்தால் 5. இனி 32ஐயும் 6.4ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.3 ஓம், அதாவது 71 அல்லது 72 மில்லிவோல்ட். உச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்த அளவு வரும் இரண்டு அதிர்வெண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 36, 62 என்று வைப்போம், உச்சி 47. 47ஐ 5இன் வர்க்கமூலமான 2.24ஆல் பெருக்கி, 62க்கும் 36க்கும் உள்ள வித்தியாசம் 26ஆல் வகுத்தால் 4 சொச்சம். அதை மறுபடி 5ஆல் வகுத்தால் 0.8. இதுதான் கியூடிஎஸ், பலகைக்கு வாகான எண். அந்த இரண்டு அதிர்வெண்களும் 31, 72 என்று அகலமாக விழுந்திருந்தால் விடை 0.5 ஆகியிருக்கும். உச்சி ஒல்லியாக இருந்தால் நமக்கு நல்லது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் பத்தில் ஒரு பங்கு பிசகு வரலாம், பலகை வேலைக்கு அது பெரிசில்லை.

மைக் செட் 12 இன்ச் என்றால் உங்களுக்கு 0.3லிருந்து 0.4க்குள் வரும் என்றே நினைக்கிறேன், என் கைக்கு வந்தவை எல்லாம் அப்படித்தான். தூக்கிப்போட வேண்டாம். ஸ்பீக்கருக்கு முன்னால் தொடராக 4 ஓம், 20 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். 5.6 ஓம் வாய்ஸ் காயில் உள்ள, 0.35 எண் உள்ள ஸ்பீக்கர் இதனால் 0.57 பக்கம் வந்துவிடும். மேக்னட் கோனைப் பிடித்து நிறுத்துவது ஆம்ப்ளிஃபையர் வழியாக ஓடும் கரன்ட்டால்தான், அந்த ஓட்டத்தில் ரெசிஸ்டர் குறுக்கே நிற்பதால் பிடி தளர்கிறது. நடு ஸ்தாயியில் 3, 4 டெசிபல் போய்விடும், எஃப்எஸ் பக்கத்தில் ஸ்பீக்கரின் ஓம் ஏற்கெனவே உச்சியில் இருப்பதால் அங்கே அவ்வளவாகப் போகாது. மைக் செட் ஸ்பீக்கருக்குத்தான் சத்தம் உபரியாக இருக்கிறதே, போகட்டும். ஆம்ப்ளிஃபையர் வாட்டை ரெசிஸ்டரில் சூடாக்குவது பாவம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வீட்டில் கேட்கும் சத்தத்துக்கு அது வெந்நீர் கூட வைக்காது, விடுங்கள்.

இந்த 12 இன்ச் மட்டும் போதாது. 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் அதற்கு வேலை கொடுத்துவிட்டு, குரலும் அதற்கு மேலும் 4 அல்லது 5 இன்ச் ஃபுல்ரேஞ்ச், அதாவது குரலிலிருந்து உச்சம் வரைக்கும் ஒன்றே பாடும் ஸ்பீக்கர் ஒன்றிடம் விட வேண்டும். பிரிக்க 12 இன்ச்சுக்கு வெளியே தனியாக ஒரு காயில் (வாய்ஸ் காயில் அல்ல), சின்னதுக்கு ஒரு கெப்பாசிட்டர். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 300 ஹெர்ட்ஸில் பிரிக்க 4.2 மில்லிஹென்றி காயிலும் 66 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் கணக்கில் வரும். நான் சொன்ன 4 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 8க்குப் பதில் 12 என்று வைக்க வேண்டும், காயில் 6.3 ஆகிவிடும். கெப்பாசிட்டர் போலாரிட்டி இல்லாததாக இருக்கட்டும், 33 இரண்டைப் பேரலலாகச் சேர்த்தால் 66. காயில் இவ்வளவு பெரிசாக ரெடிமேடாக வாங்கினால் ஸ்பீக்கர் விலை ஆகிவிடும். இங்கேதான் நம் ஊரின் அருமை. கோயம்புத்தூரிலிருந்து கோபி வரைக்கும் தெருவுக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை. இரண்டு இன்ச் விட்டமுள்ள மரக் கட்டையில் ஒன்றேகால் இன்ச் இடைவெளி விட்டு இரு பக்கமும் பிளைவுட் தட்டு அடித்துக் கொண்டுபோனேன். 18 கேஜ் எனாமல் கம்பியில் 280 சுற்று சுற்றச் சொன்னேன். வைண்டிங்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எந்த மோட்டாருக்குங்க?" என்றார். பாட்டுக்கு என்றேன். நம்பவில்லை. 280 சுற்று நெருக்கமாக விழுந்தால் ஏறத்தாழ 4.2, 335 சுற்று என்றால் 6.2 மில்லிஹென்றி வரும். 280 சுற்றுக்கே கம்பி 600 கிராம் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை: கட்டையின் நடுவில் இரும்பு போல்ட் போட்டுப் பலகையில் முடுக்கிவிடாதீர்கள், கணக்கு மாறிவிடும். பித்தளை ஸ்க்ரூ, இல்லையென்றால் பிளாஸ்டிக் டை.

பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் அரை ஷீட் போதும். இரண்டடி அகலம், மூன்றரை அடி உயரத்தில் ஜோடி வந்துவிடும், மிச்சத்தில் கால். 12 இன்ச் கீழே, தரைக்குப் பக்கத்தில். ஃபுல்ரேஞ்ச் மேலே, உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், அதாவது மூன்றடி. அதை நட்ட நடுவில் வைக்காமல் இரண்டு மூன்று இன்ச் ஒரு பக்கம் தள்ளி வையுங்கள், ஜோடியில் மற்றதற்கு எதிர்ப் பக்கம். நடுவில் வைத்தால் இரண்டு பக்க ஓரமும் ஒரே தூரமாகி, ஒரே அதிர்வெண்ணில் மேடும் பள்ளமும் குவிந்துவிடும். அந்தச் சின்ன ஓட்டையின் பின் விளிம்பை உளியால் சாய்த்துச் செதுக்கிவிடுங்கள், முக்கால் இன்ச் கனத்தில் அது குகை மாதிரி ஆகிக் குரலை மூக்கடைத்ததாக்கும். பின்னால் மேலிருந்து கீழ் வரைக்கும் ரீப்பர் கட்டை ஒன்றை ஃபெவிகால் போட்டு ஒட்டி ஸ்க்ரூ முடுக்குங்கள். உப்புத்தாள் போடுவது, பாலிஷ், வார்னிஷ் எல்லாம் உங்கள் இஷ்டம், காதுக்கு அதில் வித்தியாசம் இல்லை.

முன்பக்கத் துணிக்குத் திருப்பூர் பனியன் துணி கட் பீஸ் போதும். வாயருகே வைத்து ஊதுங்கள், அடுத்த பக்கம் உள்ளங்கையில் காற்று தடையில்லாமல் பட்டால் அது ஸ்பீக்கர் துணி. பின்பக்கமும் ஒரு துணி கட்டிவிடுங்கள். திறந்த முதுகு என்றால் பல்லிக்கு அது அழைப்பிதழ். ஒருமுறை என் சம்பந்தி வீட்டு ஸ்பீக்கரில் கரகரப்பு என்று போய்ப் பார்த்தால் கோனுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் முட்டை இட்டிருந்தது.

மாட்டும்போது போலாரிட்டி பார்க்க ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் ஒன்றைத் தொட்டு எடுங்கள், கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்டது ஸ்பீக்கரின் பிளஸ். நாலு ஸ்பீக்கரையும் இப்படிப் பார்த்துக் குறித்துவிடுங்கள். வலதும் இடதும் எதிரெதிராகிவிட்டால் இருக்கிற பேஸும் போய்விடும், பழி பலகை மேல் விழும்.

இப்போது முதலில் சொன்ன விலை. நான் முதல் ஜோடியைச் செய்து சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்தேன், வீட்டில் எல்லோரும் வைக்கிற மாதிரி. ஒரே இரைச்சல், பேஸ் மங்கல். ஸ்பீக்கர் சரியில்லை என்று மாற்றினேன். ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். ஆறு மாசம் இப்படியே போயிற்று. மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஹாலில் இருந்த எல்லாவற்றையும் நடுவில் இழுத்துப் போட்டிருந்தோம். வெள்ளையடிக்க வந்தவர் பாட்டு கேட்டார். துணி மூடியிருந்த ஸ்பீக்கருக்கு அப்படியே கனெக்ஷன் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அந்த ஜோடி முதல் தடவை பாடியது. பாடகர் பலகைக்குப் பின்னால் நாலடி தள்ளி நிற்கிற மாதிரி. சுவர் ஈரம் காய்ந்த பிறகு ஹாலைப் பழையபடி அடுக்க வீட்டுக்காரம்மா கேட்டபோது நடந்த நாயத்தை இங்கே எழுத முடியாது.

நடந்தது இதுதான். பலகை ஸ்பீக்கர் முன்னால் எவ்வளவு சத்தம் விடுகிறதோ அவ்வளவும் பின்னாலும் விடும். பின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வர ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் சுமார் 6 மில்லிசெகண்ட் ஆகும், காது அதை இடத்தின் ஆழமாக எடுத்துக்கொள்ளும். அரை அடியில் இருந்தால் முன் சத்தத்தோடு ஒட்டிக் கலங்கிவிடும். ஆகவே சுவரிலிருந்து மூன்றடி குறைந்தபட்சம், நாலடி கிடைத்தால் நல்லது. பக்கச் சுவர் அவ்வளவு பிரச்சினையில்லை. முன்னும் பின்னும் எதிரெதிரான சத்தம் பக்கவாட்டில் சந்தித்து அழிந்துவிடும், பலகையின் விளிம்புக்கு நேரே நின்றால் நீங்களே கேட்கலாம், சத்தம் வடிந்துபோகும். முன்னால் அதே அளவு கேட்கும்படி வைத்தாலும் அறைக்குள் போகும் மொத்தச் சத்தம் பெட்டியைவிட மூன்றில் ஒரு பங்குதான், அதனால் டைல்ஸ் போட்ட காங்கிரீட் ஹாலின் எதிரொலி குறைவாகத் தெரியும். உங்கள் 14 அடியில் பின்னால் நாலடி விட்டு, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் ஏழு எட்டடி என்றால் உட்காருமிடம் பின் சுவரை ஒட்டும். முடியும், ஆனால் ஹாலில் ஸ்பீக்கர்தான் எஜமான். டிவி, சோபா, துணி காயப்போடும் ஸ்டாண்டு எல்லாம் அதற்கு வழி விட வேண்டும். வீட்டில் அதற்கு ஒப்புதல் இல்லையென்றால் பலகை வெட்டவே வேண்டாம், சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கிச் சுவரோரம் வைத்துவிடுங்கள். இது என் உறுதியான அபிப்பிராயம்.

ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் ஒரு பவானி ஜமுக்காளம் விரியுங்கள், டைல்ஸின் பளபளச் சத்தம் அடங்கும். ஜமுக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டால் பேஸ் சுத்தமாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது ஆகாது. அந்தக் கனத்துக்கு உச்ச ஸ்தாயி மட்டும்தான் கட்டுப்படும். பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் நிறுத்தினால் கொஞ்சம் கீழே வரைக்கும் பலன் உண்டு. வீட்டுக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதில் அலைக் கணக்கு, பக்கவாட்டில் அழிவது, கியூடிஎஸ், சுவர் தூரம் எல்லாம் உறுதி. யார் அளந்தாலும் வரும். இனிச் சொல்வது அப்படியல்ல. தேக்குப் பலகை பிளைவுட்டைவிட இனிமை என்பார்கள். இரண்டிலும் செய்திருக்கிறேன், ரீப்பர் கொடுத்த பிறகு எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. புது ஸ்பீக்கர் நூறு மணி நேரம் பாடினால் பழகும் என்பதில், கோனைப் பின்னால் பிடித்திருக்கும் துணி ஸ்பைடர் கொஞ்சம் தளர்வது நிஜம், ஆனால் பழகுவதில் பெரும்பங்கு நம் காதுதான் என்பது என் சந்தேகம். கெப்பாசிட்டரின் பிராண்டுக்குக் காசு கொட்டுவதையும் அதே கணக்கில் வையுங்கள். "பெட்டி இல்லாத சத்தம் இயற்கையானது" என்கிற பேச்சில் பாதி நியாயம் உண்டு, பெட்டியின் உள்முழக்கம் இல்லை. மீதி, பேஸ் கொஞ்சம் குறைந்தால் குரல் தெளிவாகத் தோன்றுகிற பிரமையாகவும் இருக்கலாம். என் காதுக்கு 58 வயசு, 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு அமைதிதான். ஆகவே உச்ச ஸ்தாயிக்கென்று தனியாகச் சின்ன ட்வீட்டர் ஸ்பீக்கர் வேண்டுமா என்பதில் என் தீர்ப்பை ஏற்காமல், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் ஆசைப்படாதீர்கள். அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே போக, மூடிய பெட்டியில் கோன் நாலு மடங்கு ஆட வேண்டும், பலகையில் எட்டு மடங்கு. பின்னால் காற்று மெத்தையும் இல்லை. ஈக்குவலைசரில் பேஸை முழுக்க ஏற்றி, நோம்பி மாதிரி சத்தம் வைத்தால் காயில் அடியில் போய் "டக் டக்" என்று மோதும். என் கடைக்கு வந்த எரிந்த காயில்களைவிட மோதி நசுங்கியவைதான் சரி செய்யக் கஷ்டம். வள்ளி கும்மி ஆட வாசலுக்குச் சத்தம் வேண்டும் என்றால் பெட்டி ஸ்பீக்கரை வாடகைக்கு எடுங்கள், பலகை ஹாலுக்குள் பத்தடியில் உட்கார்ந்து கேட்பதற்கு.

செலவைப் பொறுத்தவரை, 12 இன்ச் உங்களிடமே இருப்பதால் அரை ஷீட் பிளைவுட், வெட்டுக்கூலி, ஃபுல்ரேஞ்ச் ஜோடி, காயில் கம்பி, கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், துணி எல்லாம் 10,000க்குள் அடங்கும். எனக்குப் போன வருஷம் கடைசி ஜோடிக்கு 7,400 ஆயிற்று, அதில் பாதி ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கருக்கு. ஆம்ப்ளிஃபையர் தனி. இப்போதைக்கு டிடிஏ 2030 ஐசி போட்ட லோக்கல் ஆம்ப் இருந்தாலும் போதும், ஃபுல்ரேஞ்சைவிட 12 இன்ச்சுக்குச் சத்தம் எவ்வளவு உபரி என்பது தெரிந்த பிறகு மேற்கொண்டு யோசிக்கலாம்.

முதலில் அட்டையை வெட்டிக் கேளுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள் தம்பி. வாய்ஸ் காயில் ஓம், உச்சி எத்தனை மில்லிவோல்ட், எந்த அதிர்வெண், இரண்டு பக்கமும் விழுந்த எண்கள், இந்த அஞ்சையும் இங்கேயே எழுதுங்கள். ரெசிஸ்டர் எவ்வளவு, காயில் எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், வைண்டிங் கடைக்கு அப்புறம் போகலாம்.